உள்ளே இருந்தபோது நிம்மதியாக இருந்தேன் என்று ஒருவர் சொன்னால்?

பழைய_புத்தகக்காரன் எழுதியது:

ரொம்ப நாளாக மனதில் கிடக்கிற ஒன்றைக் கேட்கிறேன். 2023 சென்னைப் புத்தகக் காட்சியில் சிறைத்துறை ‘கூண்டுக்குள் வானம்’ என்று ஓர் அரங்கு போட்டிருந்தது. சிறை நூலகங்களுக்காக அங்கே புத்தகம் வாங்கிக்கொள்வார்கள். நான் ஒரு கட்டைப்பை நிறையக் கொண்டுபோயிருந்தேன். பாதி நாவல், மீதி என் பெண் படித்து முடித்த போட்டித் தேர்வுப் புத்தகங்கள். எனக்கு முன்னால் நின்றவர் கையில் ஒரே ஒரு புத்தகம். தடிமனான தமிழ் அகராதி, புத்தம் புதிது. என்னங்க அகராதி கொடுக்கிறீர்கள் என்று சும்மா கேட்டேன்.

“கதைப் புத்தகம் எல்லாரும் குடுப்பாங்க சார். உள்ள இதுக்குத்தான் அடிதடி” என்றார்.

அப்புறம் வெளியே வந்து டீ குடித்தோம். ஒன்பது வருடம் உள்ளே இருந்தவராம். எதற்காக என்று அவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. கிளாஸைக் கீழே வைத்துவிட்டுப் போகும்போது சொன்னார்: “ஒண்ணு சொல்லட்டா? உள்ள நான் நிம்மதியா இருந்தேன். இதை வீட்ல கூட சொன்னதில்ல.”

எனக்கு வாயில் ஒன்றும் வரவில்லை. “அப்படியா” என்றேன், அவ்வளவுதான். அவர் பஸ் ஏறிவிட்டார். இப்படி உண்மையிலேயே இருக்க முடியுமா, அல்லது வெளியே அவருக்கு அவ்வளவு மோசமா? உள்ளே இருந்தவர்களோ அங்கே வேலை பார்த்தவர்களோ இங்கே யாராவது இருந்தால் எழுதுங்கள்.

கீபோர்டு_கந்தன் எழுதியது:

மூன்று வேளை சாப்பாடு, வாடகை இல்லை, மேனேஜர் இல்லை, போன் இல்லை. அப்ளிகேஷன் எங்கே சார் கிடைக்கும்?

மலைக்கோட்டை_மணி எழுதியது:

மேனேஜர் இல்லையா? தம்பி, அங்கே கண்ணில் படுகிற எல்லாருமே உனக்கு மேனேஜர்தான்.

செக்கடி எழுதியது:

இதில் ஆச்சரியப்பட என்ன இருக்கிறது? வ.உ.சி.யை நினைத்துப் பாருங்கள். 1908-இல் நாற்பது வருடத் தண்டனை. மேல்முறையீட்டில் குறைந்து 1912 டிசம்பரில் வெளியே வந்தார். நடுவில் கோயம்புத்தூர் சிறையில் செக்கிழுத்தார். அதே சிறைக் காலத்தில்தான் ஜேம்ஸ் ஆலன் என்ற ஆங்கில எழுத்தாளரைத் தமிழுக்குக் கொண்டுவந்து ‘மனம்போல வாழ்வு’ என்று தந்தார். கண்ணூர் சிறையில் ‘மெய்யறம்’ எழுதினார். ‘மனம்போல வாழ்வு’ என்ற தலைப்பே உங்கள் கேள்விக்குப் பதில்.

நெல்லைச்_சீமையான் எழுதியது:

செக்கடி ஐயா, கோபித்துக்கொள்ளாதீர்கள். மாட்டுக்குப் பதிலாகச் செக்கில் கட்டப்பட்டவரை நிம்மதிக்கு உதாரணம் காட்டுவது எனக்கு ஒப்பவில்லை. வெளியே வந்தபோது கப்பல் போயிற்று, வக்கீல் தொழில் செய்யும் சன்னது போயிற்று, சென்னையில் மண்ணெண்ணெய் விற்றுப் பிழைக்க வேண்டியிருந்தது. அவர் உள்ளே எழுதினார், சரி. நிம்மதியில் எழுதினாரா, நொறுங்கிப் போய்விடக் கூடாதென்று எதையாவது பிடித்துக்கொண்டு எழுதினாரா? இரண்டும் ஒன்றில்லை. மேலும் அவர் செய்தது குற்றமே இல்லை. இங்கே கேட்கப்படுவது நிஜமாகவே தப்புச் செய்துவிட்டு உள்ளே போனவர்களைப் பற்றி என்று நினைக்கிறேன்.

செக்கடி எழுதியது:

ஒத்துக்கொள்கிறேன். அந்தக் கோணத்தில் நான் யோசிக்கவில்லை.

ஊடை எழுதியது:

மூன்று நாளாக இந்த இழையைப் படித்துவிட்டு எழுதாமல் போய்க்கொண்டிருந்தேன். அகராதி கொடுத்தவர் நானில்லை. ஆனால் அவர் சொன்னது பொய்யில்லை.

2005-இல் வரப்புத் தகராறு. எதிரில் நின்றவர் பங்காளி, என் கையில் மண்வெட்டி. இதற்கு மேல் எழுத மாட்டேன், அவர் வீட்டார் இன்னும் அதே தெருவில்தான் இருக்கிறார்கள். நாலு மாதம் ரிமாண்டில் இருந்துவிட்டு ஜாமீனில் வந்தேன். அந்த ஜாமீன் காலம் இருக்கிறதே, ஒன்றேமுக்கால் வருடம், அதுதான் என் வாழ்க்கையிலேயே மோசமான காலம். மாதம் இரண்டு வாய்தா. ஒவ்வொரு வாய்தாவுக்கும் பஸ் காசு, வக்கீல் பீஸ், ஜட்ஜ் லீவு, சாட்சி வரவில்லை, அடுத்த தேதி. கறவை மாடு இரண்டும் போயிற்று, பிறகு கிணற்று மோட்டார், பிறகு மனைவியின் தாலிக்கொடி. ராத்திரி நாய் குரைத்தால் எழுந்து உட்கார்ந்துவிடுவேன். குழம்பில் உப்பு இருக்கிறதா இல்லையா என்று தெரியாது.

2007 செப்டம்பரில் தீர்ப்பு. ஆயுள். மனைவி கோர்ட் வராந்தாவில் மயங்கி விழுந்தாள். என்னை வேனில் ஏற்றினார்கள். அன்று ராத்திரி கால் நீட்ட இடமில்லாத பிளாக்கில், தலைமாட்டில் கக்கூஸ், எந்நேரமும் எரிகிற ட்யூப் லைட்டுக்குக் கீழே படுத்தேன். காலையில் அன்லாக் சத்தம் கேட்டுத்தான் முழித்தேன். இரண்டு வருடத்தில் முதல் முழுத் தூக்கம். எழுந்ததும் எனக்கே வெட்கமாக இருந்தது. பெண்டாட்டி பிள்ளையை நடுத்தெருவில் விட்டுவிட்டு ஒருத்தன் இப்படித் தூங்குவானா என்று.

இனி வாய்தா இல்லை. நடப்பது நடந்து முடிந்துவிட்டது. அந்தத் தூக்கத்துக்கு வேறு காரணம் எனக்குத் தெரியவில்லை.

என்னைத் தறிக்கூடத்தில் போட்டார்கள். நான் விவசாயக் குடும்பம், தறியைக் கண்ணால் பார்த்ததில்லை. முதல் மாதம் தார் சுற்றும் வேலை மட்டும், அதாவது குறுக்கே ஓடும் ஊடை நூலைச் சிறு குச்சியில் சுற்றுவது. பிறகு ஒரு பழைய ஆயுள் கைதி பக்கத்தில் உட்கார வைத்துச் சொல்லிக் கொடுத்தார். பாவு இழை, அதாவது நீளவாக்கில் ஓடும் நூல், அறுந்தால் முடிச்சுப் போட வேண்டும். முடிச்சு பெரிதானால் அச்சில் சிக்கும், சிறிதானால் அவிழும். அறுந்ததைக் கவனிக்காமல் நாலு விரற்கடை நெய்துவிட்டால் பிரித்துவிட்டு மறுபடி நெய்ய வேண்டும். அந்த முடிச்சு கைவர எனக்கு ஆறு வாரம் ஆயிற்று. அந்த ஆறு வாரத்தில் ஒருநாளும் வழக்கைப் பற்றி நினைக்கவில்லை என்பது பின்னால்தான் உறைத்தது.

மீதி இன்னொரு நாள் எழுதுகிறேன். டைப் அடித்து விரல் வலிக்கிறது.

கீபோர்டு_கந்தன் எழுதியது:

ஊடை அண்ணா, மேலே நான் அடித்த ஜோக்குக்கு மன்னித்துவிடுங்கள். அழிக்கலாமென்று பார்த்தேன், கிடக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

அதிகாலை_நடை எழுதியது:

கிரண் பேடி சிறைத்துறை ஐ.ஜி.யாக இருந்தபோது, 1994 ஏப்ரலில், தியான ஆசிரியர் கோயங்கா தில்லி திகார் சிறைக்கே வந்து ஆயிரத்துக்கும் மேற்பட்ட கைதிகளுக்குப் பத்து நாள் விபாசனா தியான முகாம் நடத்தினார். பிறகு அங்கேயே நிரந்தர மையமும் வந்தது. பத்து நாள் பேசாமல் உட்கார்ந்து உள்ளே பார்த்தால் சிறையும் ஆசிரமம்தான். ஊடை சொல்வதும் ஒருவிதத் தியானமே.

ஊடை எழுதியது:

தியானம் எங்கள் சிறையிலும் நடந்தது ஐயா. நானும் உட்கார்ந்திருக்கிறேன். கண்ணை மூடினால் எனக்கு மண்வெட்டிதான் தெரியும். எழுந்து தறிக்குப் போய்விடுவேன். சிலருக்கு அது நன்றாக வேலை செய்தது, குறை சொல்லவில்லை.

விட்ட இடத்திலிருந்து எழுதுகிறேன்.

உள்ளே சாயங்காலம் ஆறு மணிக்கு லாக்கப். கணக்கெடுத்துப் பூட்டினால் மறுநாள் காலை ஆறுக்குத்தான் திறப்பார்கள். பன்னிரண்டு மணி நேரம். சினிமாவில் காட்டாத விஷயம் இது. ஜெயில் என்றால் பெரும்பாலும் இந்தப் பன்னிரண்டு மணி நேரம்தான். (பத்து வருடத்துக்கு மேல் நான் நட்சத்திரம் பார்க்கவில்லை. இருட்டும் நேரத்தில் வெளியே நின்றால்தானே பார்ப்பதற்கு. அந்த அரங்குக்கு ‘கூண்டுக்குள் வானம்’ என்று பெயர் வைத்தவருக்கு இது தெரிந்திருக்குமோ என்னவோ.)

நான் பத்தாவது பெயில். ஆனால் கையெழுத்து மட்டும் குண்டு குண்டாக இருக்கும். பக்கத்துப் பாய்க்காரர் ஒருநாள் வீட்டுக்கு ஒரு கடிதம் எழுதித் தரச் சொன்னார். என்ன எழுதணும் என்றேன். ரொம்ப நேரம் யோசித்துவிட்டு, “செவலைப் பசு கன்னு போட்டுச்சான்னு கேளு” என்றார். வேறு? “அவ்வளவுதான்.” பதினெட்டு நாள் கழித்துப் பதில் வந்தது. கிடாரிக் கன்று, நெற்றியில் வெள்ளைச் சுட்டி. அந்தக் கடிதத்தை எத்தனை தடவை என்னைப் படிக்க வைத்தார் என்று கணக்கில்லை. கடைசியில் மனப்பாடமாகி, காகிதத்தைப் பார்க்காமலே சொல்ல ஆரம்பித்துவிட்டேன். அப்படிச் சொன்னால் கோபப்படுவார், பார்த்துத்தான் படிக்க வேண்டும்.

அப்புறம் கூட்டம் வந்துவிட்டது. வீட்டுக்குக் கடிதம், வக்கீலுக்குக் கடிதம், விடுப்பு மனு, மேல்முறையீட்டுக்கு இலவச வக்கீல் கேட்டு மனு. கூலி ஒரு சோப்பு, இல்லையென்றால் பிஸ்கட் பாக்கெட். இல்லாதவரிடம் வாங்க மாட்டேன். மனுவில் தப்பில்லாத தமிழ் வேண்டுமே, அகராதிக்கு அடிதடி என்று அந்த மனிதர் சொன்னது இதற்காகத்தான் இருக்க வேண்டும்.

எழுதுவதைவிடக் கஷ்டம் படித்துக் காட்டுவது. அம்மா செத்துப்போன கடிதம், பெண்டாட்டி இனிமேல் வரமாட்டேன் என்ற கடிதம் எல்லாம் முதலில் என் கையில்தான் பிரியும். ஒரு பழக்கம் வைத்துக்கொண்டேன். கெட்ட கடிதத்தை லாக்கப்புக்குப் பிறகு படிக்க மாட்டேன். கண் வலிக்கிறது, காலையில் பார்க்கலாம் என்று சொல்லிவிடுவேன். ராத்திரி கேட்டால் அந்த ஆளுக்கு எழுந்து நடக்கக்கூட வழியில்லை. காலையில் கேட்டால் தறி இருக்கிறது, தோட்டம் இருக்கிறது, பக்கத்தில் நாலு பேர் இருப்பார்கள். நாளாக ஆக, நான் ‘கண் வலிக்கிறது’ என்றாலே விஷயம் புரிந்துகொள்ள ஆரம்பித்துவிட்டார்கள். பிறகு அந்த வார்த்தையைச் சொல்லவே பயமாக இருந்தது.

ஒரு பெரியவரைப் பற்றிச் சொல்லிவிட்டு முடிக்கிறேன். அறுபதை நெருங்கியவர், கைநாட்டு. கையெழுத்துப் போடப் பழக்கிவிடு என்றார். அவர் பெயரில் ‘ழ’ வேறு. செங்கல் துண்டால் சிமென்ட் தரையில் எழுதிப் பழகினார். மற்ற எழுத்தெல்லாம் ஒரு மாதத்தில் வந்துவிட்டது. அந்த ‘ழ’ மட்டும் மூன்று வாரம் தண்ணி காட்டியது, காலை எந்தப் பக்கம் சுழிப்பது என்று. பிறகு பேத்தி கல்யாணத்துக்கு விடுப்பு கிடைத்தது. பாரத்தில் ரேகை வைக்க வேண்டிய இடம் வந்ததும், எழுதிக்கொண்டிருந்தவர் வழக்கம்போல மை டப்பாவைத் திறந்து நகர்த்தினார். பெரியவர் கட்டைவிரலை உள்ளே மடக்கி முஷ்டியை இறுக்கிக்கொண்டார். “பேனா குடுங்க” என்றார். முழுதாக இரண்டு நிமிடம் ஆயிற்று. பின்னால் வரிசையில் நின்ற ஒருவரும் முணுமுணுக்கவில்லை. அதற்கப்புறம் ஒரு வாரம் அந்த மனுஷன் கண்ணில் கண்டதிலெல்லாம் கையெழுத்துப் போட்டார். சோப்பு உறையிலும் கூட.

வெளியே இருந்த முப்பத்துச் சொச்ச வருடத்தில் என்னைத் தேடி ஒருத்தரும் இப்படி வரிசையில் நின்றதில்லை.

வாய்தா_வக்கீல் எழுதியது:

ஊடை அண்ணன் தீர்ப்பு நாள் தூக்கத்தைப் பற்றி எழுதியதைப் படித்துவிட்டு என் தரப்பிலிருந்து ஒன்று. தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் 2022 கணக்குப்படி இந்தியச் சிறைகளில் இருந்தவர்கள் 5,73,220 பேர். அதில் 4,34,302 பேர் விசாரணைக் கைதிகள், அதாவது நூற்றுக்கு எழுபத்தாறு பேர். எப்போது முடியும் என்று அவர்களுக்குத் தேதி கிடையாது. தண்டனைக் கைதிக்குத்தான் தறி, பேக்கரி, தோட்டம் என்று வேலை ஒதுக்குவார்கள். விசாரணைக் கைதிக்கு வாய்தா ஒன்றுதான் வேலை. மனுப் பார்க்க, அதாவது சிறையில் ஆளைச் சந்திக்க, போனால் என் கட்சிக்காரர்கள் கேட்கிற முதல் கேள்வி “விடுவாங்களா” இல்லை, “எப்ப சார் முடியும்” என்பதுதான். தண்டனை கிடைத்தாலும் பரவாயில்லை, முடித்துவிடுங்கள் என்று கையைப் பிடித்துக்கொண்டவர்கள் உண்டு.

2024 ஜூலையில் நடைமுறைக்கு வந்த புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் (பி.என்.எஸ்.எஸ்.), பிரிவு 479, முதல்முறை சிக்கியவர் அதிகபட்சத் தண்டனையில் மூன்றில் ஒரு பங்கை விசாரணையிலேயே கழித்திருந்தால் பிணையில் விட வேண்டும் என்கிறது. ஆயுள், மரண தண்டனைக்குரிய குற்றங்களுக்கு இது பொருந்தாது. பழைய சட்டத்தில் எல்லாருக்கும் பாதி என்று இருந்தது. ஏட்டில் இருக்கிறது. ஆனால் அந்தக் கணக்கைப் போட்டு மனு எழுத உள்ளே ஒரு ஊடை வேண்டும்.

ஆக, சிறையில் நிம்மதி என்று பேசும்போது நாலில் ஒருவரைப் பற்றித்தான் பேசுகிறோம் என்பது நினைவிருக்கட்டும்.

மனு_வரிசை எழுதியது:

நான் இங்கே படிப்பதோடு சரி, எழுதியதில்லை. இன்றைக்கு எழுதுகிறேன்.

என் வீட்டுக்காரர் ஏழு வருடம் உள்ளே இருந்தார். மாதம் ஒரு தடவை காலை நாலு மணிக்குக் கிளம்பி, இரண்டு பஸ் மாறி, வெயிலில் வரிசையில் நின்று மனுப் போடுவேன். வலைக்கு இந்தப் பக்கம் பத்திருபது பேர், அந்தப் பக்கம் பத்திருபது பேர், எல்லாரும் ஒரே நேரத்தில் கத்துவோம். வீட்டில் சொல்ல வைத்திருந்த ரகசியத்தையெல்லாம் அங்கே கத்தித்தான் சொல்ல வேண்டும். கொஞ்ச நேரத்தில் முடிந்துவிடும்.

அவர் முகம் தெளிவாக இருக்கும். உடம்புகூட ஒரு சுற்று வந்திருந்தது. குடி நின்றுவிட்டது இல்லையா. “நான் நல்லா இருக்கேன், கவலைப்படாதே” என்பார். எட்டாவது பாஸ் பண்ணிவிட்டேன் என்றார் ஒரு தடவை. கேட்டு நான் சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. மகளிர் குழுக் கடன் கட்டியது நான். மாமியாருக்கு மலம் அள்ளியது நான். அப்பா துபாயில் இருக்கார் என்று பள்ளிக்கூடத்தில் சொல்லப் பிள்ளைக்குக் கற்றுக் கொடுத்தது நான். பிள்ளை ஒருநாள் துபாய்க்கு எந்த பஸ் போகும் என்று கேட்டது.

அவருக்குச் சோறு நேரத்துக்கு வந்தது, தூக்கம் நேரத்துக்கு வந்தது. ஊடை அண்ணா, உங்கள் எழுத்து நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் அந்த வாசலுக்கு வெளியே ஒரு வரிசை நிற்கும், அதைப் பற்றியும் யாராவது எழுத வேண்டும் என்று தோன்றியது.

ஊடை எழுதியது:

தங்கச்சி, ‘நான் நல்லா இருக்கேன், கவலைப்படாதே’ என்ற வரியை நூற்றுக்கணக்கான பேருக்கு என் கையால் எழுதியிருக்கிறேன். கடிதம் எப்போதும் அதில்தான் ஆரம்பிக்கும். படிக்கிற வீட்டில் அது எப்படி இறங்கும் என்று ஒருநாளும் யோசித்ததில்லை. என் மனைவியும் முதல் மூன்று வருடம் மாதாமாதம் வந்தாள், பிறகு பொங்கலுக்கும் ஆடிக்கும் மட்டும். ஏன் என்று நான் கேட்கவில்லை. வேலை இருக்கும் என்று நினைத்துக்கொண்டேன். இன்று சாயங்காலம் கேட்டுவிட்டுத்தான் இதை எழுதுகிறேன். “பஸ் காசு” என்றாள். வேறொன்றும் சொல்லவில்லை, எழுந்து உள்ளே போய்விட்டாள்.

ஆவணி எழுதியது:

என் தம்பியைக் கொன்றவன் உள்ளே இருந்தபடியே டிகிரி முடித்தான். பேப்பரில் போட்டிருந்தார்கள். பட்டம் பெற்றார் என்று மரியாதை விகுதியோடு. அம்மாதான் முதலில் பார்த்தாள். அவளுக்கு எழுத்துக்கூட்டித்தான் படிக்க வரும். அன்றைக்கு முழுக்க அந்தப் பக்கத்தை மடித்துப் பாய்க்கு அடியில் வைத்திருந்தாள். தம்பி பி.காம். இரண்டாம் வருடம் படித்துக்கொண்டிருந்தான்.

கைதியின் கூலியில் ஒரு பங்கைப் பாதிக்கப்பட்ட குடும்பத்துக்கென்று பிடிப்பார்கள் என்று பின்னால் கேள்விப்பட்டேன். எங்கள் வீட்டுக்கு எதுவும் வந்ததில்லை, வந்திருந்தாலும் அம்மா தொட்டிருக்க மாட்டாள். அவன் படிக்கக் கூடாது, களி தின்று கல் உடைக்க வேண்டும் என்றெல்லாம் நான் சொல்லவில்லை. படித்துவிட்டுப் போகட்டும். நிம்மதி என்ற சொல்லை மட்டும் பார்த்துப் பயன்படுத்துங்கள். எங்கள் வீட்டில் இருபது வருடமாக அது கிடையாது.

மலைக்கோட்டை_மணி எழுதியது:

அம்மா, காலம் எல்லாவற்றையும்

(நெறியாளரால் நீக்கப்பட்டது)

நெறியாளர் எழுதியது:

இழையைப் பூட்டச் சொல்லி மூன்று பேர் தனிமடல் போட்டிருக்கிறார்கள். பூட்டவில்லை. ஆவணி அவர்களுக்கு யாரும் ஆறுதலோ அறிவுரையோ சொல்ல வேண்டாம். மணி அண்ணன் நல்ல எண்ணத்தில்தான் எழுதினார், தெரியும்.

ஊடை எழுதியது:

ஆவணி அம்மா, உங்களுக்குப் பதில் எழுத எனக்குத் தகுதி இல்லை. இருந்தாலும் பதுங்கிப் போவது சரியில்லை என்று எழுதுகிறேன்.

அந்தச் சொல்லுக்குப் பதிலாக வேறு சொல் தேடினேன். ‘பழகிவிட்டது’ என்று எழுதினால் பொய்யாகிவிடும். ‘மறந்துவிட்டேன்’ என்றால் அதைவிடப் பெரிய பொய். தறியில் உட்கார்ந்தால் பங்காளியின் முகம் வராது. லாக்கப் ஆனதும் வரும். கடிதம் எழுத ஆரம்பித்தது ஊருக்கு உபகாரம் என்று நினைத்தா? ராத்திரியில் அந்த முகத்துக்கு இடம் கொடுக்கக் கூடாது என்றுதான் ஆரம்பித்தேன். அடுத்தவர் கதையால் அந்தப் பன்னிரண்டு மணி நேரத்தை நிரப்பிக்கொண்டேன். பிறகு அது எனக்குப் பிடித்துப்போனது. பிடித்துப்போனதை மறைத்து எழுதினால், இந்த இழையைத் தொடங்கியவரிடம் அந்த அகராதிக்காரர் சொன்னதைப் பொய்யாக்கியவன் ஆவேன்.

பங்காளியின் அம்மா இன்னும் இருக்கிறார். நான் ஊருக்குள் போனால் அவர் திண்ணையைத் தாண்டித்தான் போக வேண்டும். நான் வருவது தெரிந்தால் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொள்வார். இப்போது ஏரிக்கரை வழியாகச் சுற்றிப் போகிறேன்.

ஆவணி எழுதியது:

படித்தேன். சுற்றியே போங்கள்.

ஓய்வு_வார்டர் எழுதியது:

31 வருடம் வார்டர் வேலை பார்த்து ரிட்டையர் ஆனவன். எந்தச் சிறை என்று கேட்க வேண்டாம், நாலைந்து ஊர் மாறியிருக்கிறேன்.

ஊடை மாதிரி ஆட்கள் ஒரு பிளாக்குக்கு நாலைந்து பேர் இருப்பார்கள், அவ்வளவுதான். மீதிப் பேரில் பாதிக்கு மேல் காலத்தைத் தள்ளுவார்கள். சிலர் உடைந்துபோவார்கள். சிலர் உள்ளே இன்னும் கெட்டுப் போவார்கள், அதையும் பார்த்திருக்கிறேன். நம்பி ஒரு பொறுப்பைக் கொடுத்தால் ஆள் மாறுவதையும் பார்த்திருக்கிறேன். சமையற்கூடச் சாவி ஒருவன் கையில் வந்த அன்றிலிருந்து அவன் நடையே வேறாகிவிட்டது. சிறைத்துறையும் இந்தியன் ஆயிலும் சேர்ந்து நடத்துகிற ஃப்ரீடம் பெட்ரோல் பங்கில் நன்னடத்தைக் கைதிகளுக்குத்தான் வேலை. 2023-இல் புழலில் பெண் கைதிகளே நடத்தும் பங்க் ஒன்றும் திறந்தார்கள். பங்கில் வேலை பார்த்த ஒருவர் முதல்நாள் ராத்திரி என்னிடம் சொன்னது: “சார், மீதி சில்லறை குடுத்தேன், அந்தப் பையன் எண்ணாம பாக்கெட்ல போட்டுக்கிட்டான்.” தன்னை நம்பி எண்ணாமல் போட்டுக்கொண்டான் என்பதை மூன்று நாள் சொல்லிக்கொண்டிருந்தார்.

காளையார்கோவில் பக்கம் புரசடை உடைப்பில் திறந்தவெளிச் சிறை இருக்கிறது. விவசாயம், ஆடு மாடு. உயர்ந்த மதில் கிடையாது. அதைப் போய்ப் பார்த்தால் வெளியாட்களுக்குச் சந்தேகம் வரும், இவர்கள் ஏன் ஓடவில்லை என்று. எங்கே ஓடுவது?

அப்புறம் ஒரு விஷயம். விடுதலைக்கு முந்தைய மூன்று மாதம்தான் ஆயுள் கைதிக்கு ரொம்ப மோசம். சாப்பிட மாட்டார்கள், சண்டை போடுவார்கள். ஒருவர் விடுதலையான அன்று மெயின் கேட்டைத் தாண்டி வந்து, மஞ்சப்பையோடு அங்கேயே நின்றுகொண்டிருந்தார். போய்யா என்றேன். “எந்தப் பக்கம் சார்?” என்றார். பஸ் ஸ்டாப் வரை நான் கூடப் போய் ஏற்றிவிட்டேன்.

கீபோர்டு_கந்தன் எழுதியது:

ஊடை அண்ணா, நீங்கள் வெளியே வந்தபோது எப்படி இருந்தது?

ஊடை எழுதியது:

2018-இல் எம்.ஜி.ஆர். நூற்றாண்டையொட்டி, பத்து வருடம் முடித்த ஆயுள் கைதிகளை அரசு தொகுதி தொகுதியாக விட்டது. அதில் என் பெயரும் வந்தது. பேர் படித்ததும் எல்லாரும் தூக்கிக்கொண்டாடினார்கள். எனக்கு அன்று ராத்திரி தூக்கம் வரவில்லை. மறுபடி அதே பழைய முழிப்பு.

வெளியே வந்தால் ஊரில் எல்லார் கையிலும் போன். கடிதம் எழுதுகிறவன் யார்? என் மகனே வாய்ஸ் மெசேஜில்தான் பேசுகிறான். பக்கத்துவீட்டு அம்மாவுக்கு முதியோர் பென்ஷன் மனு எழுதித் தரட்டுமா என்று நானாகப் போய்க் கேட்டேன். ஆன்லைனில் போட்டாச்சு என்றார்கள். உள்ளே சமைத்த சோறு, தைத்த உடுப்பு, எழுதித் தரச் சொல்லி வரிசை. வெளியே சும்மா உட்கார்ந்திருந்தேன். வீட்டிலேயே விருந்தாளி மாதிரி, குளிக்கப் போகலாமா என்று மனைவியிடம் கேட்டுவிட்டுப் போவேன். அவளுக்கு அது எவ்வளவு கோபம் வரும் தெரியுமா?

இப்போது ஒரு நூற்பாலையில் இரவுக் காவல். ஆள் எடுத்தவருக்கு என் கதை தெரியும். தெரிந்துதான் எடுத்தார், “ராத்திரி முழிச்சிருந்து பழக்கம் இருக்கும்ல” என்று சிரித்தபடி. பன்னிரண்டு மணி நேரம்தான், ஆறிலிருந்து ஆறு. ஆனால் வெளியே நாற்காலி போட்டு உட்காரலாம். வடமாநிலப் பையன்கள் நிறைய வேலை பார்க்கிறார்கள். பாங்கு பாரம் நிரப்பித் தரச் சொல்லி ஒருவன் வந்தான் போன மாதம். எனக்கு இந்தி தெரியாது, அவனுக்குத் தமிழ் தெரியாது. இரண்டு மணி நேரம் ஆயிற்று. நேற்று அவன் இன்னும் இரண்டு பேரைக் கூட்டி வந்தான்.

பழைய_புத்தகக்காரன் எழுதியது:

நான் கேட்டது ஒன்று, வந்து சேர்ந்தது இவ்வளவு. ஆவணி, மனு_வரிசை, நீங்கள் எழுதியதற்கு நன்றி. அடுத்த புத்தகக் காட்சிக்கு நாலைந்து பேர் சேர்ந்து புத்தகம் கொடுக்கலாம் என்றிருக்கிறோம். ஊடை, என்னென்ன வாங்கலாம் சொல்லுங்கள். அகராதி இரண்டு எடுத்து வைத்துவிட்டேன்.

ஊடை எழுதியது:

அகராதி நாலாக வாங்குங்கள். பெரிய எழுத்தில் அச்சிட்டது இருந்தால் நல்லது, நாற்பது தாண்டியவர்களுக்கு உள்ளே கண்ணாடி கிடைக்க நாளாகும். திறந்தநிலைப் பல்கலைக்கழகப் பாடங்களுக்கு உதவுகிற கைடு. ஒன்றாம் வகுப்பு, இரண்டாம் வகுப்புத் தமிழ்ப் புத்தகம் கண்டிப்பாக. ஆனால் அட்டையில் குழந்தைப் படம் இருந்தால் பெரியவர்கள் கையில் எடுக்கக் கூச்சப்படுவார்கள், பழுப்புத்தாள் அட்டை போட்டுக் கொடுங்கள். சுயமுன்னேற்றப் புத்தகம் போதும் போதும் என்கிற அளவுக்கு இருக்கிறது.

துப்பறியும் நாவல் கொடுத்தால் கடைசிப் பக்கம் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுக் கொடுங்கள். எங்கள் பிளாக்கில் ஒன்று கடைசி நாலு பக்கம் இல்லாமல் வந்துவிட்டது. கொலை செய்தது யார் என்று இருபத்தைந்து பேர் இரண்டு நாள் சண்டை போட்டார்கள். அத்தனை பேரும் 302, கொலைக் கேஸ்.

வாய்தா_வக்கீல் எழுதியது:

கடைசியில் யார் கொன்றது?

ஊடை எழுதியது:

தெரியவில்லை. ஓட்டுப் போட்டு டிரைவர் என்று முடிவு செய்தோம்.